மணலில் வரைந்த ஊரை விலக்கிய அமைச்சன்

மழை பிழையாது பொழிக. மலையும் மருதமும் செழிக்க. மேல்மலை நாட்டைத் தாயெனத் தாங்கும் பெருந்தலைவி காரிநங்கையார் திருமுன், செம்பாறை நாட்டரசர் இளவெயினர் திருவுளப்படி, அவர்தம் அமைச்சன் வெண்பூதன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை.

இருநாட்டுக் குடிகளும் ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் கருவேணியாற்று மணல்திட்டில் கூடி, என்றேனும் சேர்ந்து கட்டப்போகும் ஊரைக் கோல்கொண்டு வரைந்து மகிழ்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். சந்தை எங்கே, யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று பகலெல்லாம் வாதாடிச் சிரிப்பார்கள்.

மூன்றாண்டுக்கு முன் வெண்பூதன் அதைப் பார்த்தான். கட்டாத ஊருக்குக் கூட்டம் எதற்கு என்று அரசரிடம் பெரிய அறிவாளி போலச் சொல்லி, விலக்காணை வாங்கினான். அவையோர் புகழ்ந்தனர், அப்புகழில் அவன் மகிழ்ந்தான் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறான்.

சென்ற ஐப்பசியில் ஆறு கரையுடைத்து எங்கள் குடிகளில் பதினொருவர் மாண்டனர். அவர்களுள் ஒருத்தி குயத்தி பூதி, கூரைமேல் ஏறி அரைநாள் துணி வீசி நின்றவள். அக்கரையில் தங்கள் ஓடங்கள் கட்டியபடியே கிடந்தன. வெள்ளம் வடிந்ததும் வெண்பூதன் சினத்தோடு ஆறு கடந்து, ஓடக்காரன் செம்பனை நிறுத்தி, ஏன் வரவில்லை என்று கேட்டான். அவன் மறுமொழி அவன் வாய்ச்சொல்லாகவே எழுதப்படுகிறது:

"கூரைமேல யாரோ நிக்கிறாங்கன்னு பாத்தேன், ஐயா. தண்ணி வேகம் பயமா இருந்துச்சு. யாரோதானேன்னு இருந்துட்டேன். பூதின்னு தெரியல. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே கிணறுன்னு அவளும் நானும் மணல்ல குறிச்சோம். வருசாவருசம் பாத்திருந்தா, அவ நிக்கிற நிப்புலயே தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு அழுதான். நாளை அண்டை வீட்டில் இருக்கப்போகிறவள் என்னும் நினைப்பு ஒன்றே அவனை வெள்ளத்தில் இறக்கியிருக்கும். அந்நினைப்பை அறுத்தவன் தானே என்பது வெண்பூதனுக்கு அங்கேயே விளங்கியது.

திரும்பியதும் அரசவை நடுவே பிழையை ஒப்புக்கொண்டு, பதவி மோதிரத்தைக் கழற்றி வைத்தான். அரசர் அதை ஏற்காமல், செய்தவனே திருத்துக என்றார். பூதியின் மகள் வாசலிலும் இருமுறை போய் நின்றான். அவள் கதவைத் திறக்கவில்லை. அவளைக் குறைசொல்ல அவனுக்கு வாயில்லை.

ஆகவே அரசர் ஆணை: விலக்கு இன்றே நீங்கியது. தை முழுமதி நாள் காலை எங்கள் குடிகள் மணல்திட்டில் கூடுவார்கள். தங்கள் குடிகளையும் அனுப்பியருள வேண்டும் என்பது அமைச்சனின் வேண்டுதல். செம்பன்மேல் எங்களுக்குக் குறையில்லை, அவனும் வருக. இறந்தோர் வீட்டாரே முதல் கோடு வரைவார்கள். வெண்பூதன் மணலைச் சமன்செய்து கொடுத்துவிட்டு ஒதுங்குவான். தனக்கென ஒரு வீட்டைக் குறிக்கும்படி எவரையும் கேட்கமாட்டான். தம் வீட்டருகே இவனுக்கும் இடமுண்டு என்று யாரேனும் ஒருவர் சொல்லும்வரை, ஆண்டுதோறும் கரையிலேயே நிற்பான்.

அரச இலச்சினை இடப்பட்டது. எழுத்தரைக் கொண்டு எழுதுவிக்க மனம் கூசி, இதைத் தன் கையாலேயே எழுதினான் வெண்பூதன்.