ஜெயத்திடம் சொல்லாதே

உழவர்கரை,
12-2-1978

அன்புள்ள மாப்பிள்ளை இராமதாசுக்கு ஆதிமூலம் எழுதுவது.

பிரான்சில், மார்செய் குளிரில் நலமாக இருப்பாய் என நம்புகிறேன். உன் மகள் சாந்தி பியூசி பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளில் போவதைத் தினமும் பார்க்கிறேன். மூலக்குளத்தில் உன் வீட்டுச் சுவர் சன்னலைத் தாண்டிவிட்டது. ஜெயம் ஆட்டிவைக்கிற ஆட்டத்தில் கொத்தனார் சாமிக்கண்ணு இளைத்தே போனார்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. கொஞ்ச நாளாக ஜெயத்துக்கு நாள் தவறி உதிரம் போகிறது. அண்ணன் முறை என்பதால் என்னிடம் சொல்லவே வெட்கப்பட்டாள். பெண் டாக்டர் ஒருவரிடம் அனுப்பிச் சதை எடுத்துப் பரிசோதித்தோம். முடிவு நேற்று என் கைக்கு வந்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஆரம்ப நிலைதான், இராமு. இப்போதே சென்னைக்குப் போய்க் கதிர் சிகிச்சை எடுத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்வாள் என்று அந்த அம்மா உறுதியாகச் சொல்கிறார்.

ஜெயத்திடம் இன்னும் சொல்லவில்லை. என் சித்தப்பா மகள்தான் என்றாலும், கட்டியவனிடம் முதலில் சொல்வதுதானே எங்களைப் போன்ற டாக்டர்களின் வழக்கம். உடனே பதில் எழுது.

உன்
ஆதிமூலம்


மார்செய்,
27-2-1978

அன்பு மச்சான் ஆதிக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜெயத்திடம் சொல்லாதே. பக்கத்து வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை என்றால் இவள் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய சின்னம்மா ரஞ்சிதத்துக்கும் இதே நோய்தானே வந்தது. டாக்டர் முகத்துக்கு நேரே சொன்ன அன்று படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. நோய் கொன்றதா, பயம் கொன்றதா, யாருக்குத் தெரியும்?

புண் என்று சொல். புண்ணை ஆற்ற மெட்ராசில் மெஷின் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவை. இந்த ஊரிலேயே டாக்டர்கள் வீட்டாரிடம்தான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரனே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்? ஆகஸ்டில்தான் எனக்கு விடுப்பு. அதுவரை உன் தங்கையைக் காப்பாற்று. இது என் மேல் ஆணை.

கண் கலங்க,
இராமதாஸ்


உழவர்கரை,
2-4-1978

அன்புள்ள இராமுவுக்கு,

நீ சொன்னபடியே புண் என்று சொன்னேன். உடனே அவள் முகம் தெளிந்ததே, அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போது அவளைச் சென்னைக்கு அனுப்ப வழியில்லாமல் நிற்கிறேன். போகச் சொன்னால் சிரிக்கிறாள். "புண்ணுக்கெல்லாம் யாராச்சும் மெட்ராஸ் போவாங்களாண்ணா? அடுத்த வாரம் மேல காங்கிரீட்டு போடறாங்க. நான் இல்லன்னா சாமிக்கண்ணு ஒழுங்கா தண்ணியே ஊத்தமாட்டான், வெடிச்சிப் போவும்" என்கிறாள். மாத்திரை கொடு போதும் என்கிறாள். புண்ணுக்கு இவ்வளவுதான் அவசரம் என்று அவள் நினைப்பதில் என்ன தப்பு?

போன வாரம் எங்களைப் போன்ற குடும்ப டாக்டர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. அஞ்சலாட்சி என்று ஒரு டாக்டரம்மா வந்து நடத்தினார். புது மருந்து எதையும் பற்றி அவர் பேசவில்லை. கூட வந்தவரை வெளியே உட்கார வையுங்கள், நோயாளியிடம் பேசுங்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள் என்றார். இதற்கு ஒரு வகுப்பா என்று எங்களுக்குச் சிரிப்பு. பிறகு என்னை நோயாளியாகவும் கலியமூர்த்தி டாக்டரை என் தகப்பனாகவும் நடிக்க வைத்தார். என் வயிற்றுவலியைப் பற்றித் தகப்பனும் டாக்டரும் என் தலைக்கு மேலே பேசி முடித்துவிட்டார்கள். நான் வாய் திறக்கவே இடமில்லை. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு ஜெயம் நினைவு வந்துவிட்டது.

ஆணையைத் திருப்பி எடுத்துக்கொள், மாப்பிள்ளை. நான் பக்குவமாகச் சொல்கிறேன்.

உன்
ஆதிமூலம்


மார்செய்,
16-4-1978

அன்பு மச்சானுக்கு,

உங்கள் டாக்டரம்மா நாடகம் நன்றாகத்தான் இருக்கிறது. வேஷத்தைக் கலைத்துவிட்டு நான் சொல்வதைக் கேள். நீ சொல்லி, அவள் பயத்தில் கிணற்றில் விழுந்தால் அந்த அம்மாவா வந்து பதில் சொல்வார்?

வீட்டு வேலை முடியட்டும். நானே வந்து கையோடு அழைத்துப் போகிறேன். ஆகஸ்ட் ஒன்றும் அடுத்த யுகத்தில் இல்லை. அதிகாரத்தில் சொல்வதாக நினைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு ஒரு சட்டை வாங்கக்கூடத் தெரியாது.

இராமதாஸ்


உழவர்கரை,
18-6-1978

அன்புள்ள இராமுவுக்கு,

வகுப்பிலிருந்து வந்ததும் கிளினிக்கில் முக்காலியை இடம் மாற்றிவிட்டேன். முன்பு கூட வந்த ஆண்பிள்ளை என் எதிரே உட்காருவான், நோய்க்காரி கதவோரம் நிற்பாள். இப்போது அவளுக்குத்தான் முக்காலி. நோணாங்குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் கன்னியம்மாளுக்கு இரத்தக் கொதிப்பு எந்த மருந்துக்கும் இறங்காமல் இருந்தது. அவள் மகனை வெளியே அனுப்பிவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். "என்னைக் கேக்கறியே, நீதான டாக்டரு?" என்று முறைத்தாள். விடாமல் கேட்டபின் விஷயம் வந்தது. மாத்திரை போட்டால் கிறுகிறுத்துக் கூடையோடு விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவள் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. மருந்தை மாற்றிக் கொடுத்தேன். இப்போது சுகமாக இருக்கிறாள், போகிற வழியில் எனக்கு வஞ்சிரம் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

ஊராரை இப்படிக் கேட்கிற நான்தான் செவ்வாயன்று இந்தக் காரியத்தைச் செய்தேன். ஜெயம் தனியாக வந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது. இடுப்பில் வலி என்கிறாள். முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, "அண்ணா, நேராவே கேக்கறேன். சின்னம்மாவுக்கு வந்த மாதிரியா எனக்கு?" என்றாள்.

"சீ, பைத்தியம். புண்ணுதான்" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்று நிம்மதியாகத் தூங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

இராமு, நோய் நமக்காகக் காத்திருக்காது. கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. சொல் என்று ஒரு தந்தி அடி.

ஆதிமூலம்


சென்னை,
24-8-1978

அன்பு மச்சானுக்கு,

அன்று தந்தி அடிக்கத்தான் போனேன். தபாலாபீஸ் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

இங்கே டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நோய் இடுப்பெலும்புவரை போய்விட்டதாம். வலிக்குத்தான் இனி மருந்தாம். பிப்ரவரியிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜெயத்துக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் கொளஞ்சியம்மா, உனக்கும் கேன்சர்தானே, கரண்டு (கதிர் சிகிச்சையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) வைத்தார்களா என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். ஜெயம் பகல் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நீ நினைத்ததுபோல் அவள் அலறவில்லை என்று எழுத வந்தேன். நீ நினைக்கவில்லை, நான்தான் நினைத்தேன்.

சாயங்காலம்தான் பேசினாள். "சொல்லியிருந்தா, ஊடு இடிஞ்சாலும் இடியட்டும்னு அன்னிக்கே பஸ் ஏறியிருப்பேனே" என்றாள்.

அவளைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம், மச்சான். ஏன் என்று கேட்காதே.

இராமதாஸ்


மார்செய்,
10-12-1978

அன்புள்ள ஆதிக்கு,

ஜெயம் போனபின் அந்தப் புது வீட்டில் இருக்க முடியாமல் ஓடி வந்துவிட்டேன். சாந்தி என் தம்பி முத்து வீட்டிலிருந்து காலேஜுக்குப் போகிறாள்.

உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டாம் என்றது யார் என்று சென்னையில் ஜெயம் கேட்டாள். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன் என்றேன். அப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அதனால்தான் உன்னை வர வேண்டாம் என்றேன். சாவு வீட்டில் உன்னைக் கண்டதும் சாந்தி உள்ளே போனதும் அதனால்தான்.

சாந்திக்கு இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன். மறைத்தது நீதான் என்று அவள் நினைப்பது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கு ஊர் முழுக்க மனிதர்கள். எனக்கு அவள் ஒருத்தி. இதை மட்டும் செய்.

இராமதாஸ்


உழவர்கரை,
20-1-1979

இராமதாசுக்கு,

கோபத்தோடு எழுதக் கூடாது என்று பொங்கல் கழியக் காத்திருந்தேன். கோபம் போகவில்லை.

ஜெயம் கடைசிவரை என்னை வெறுத்துக்கொண்டே போனாள் என்று தெரிந்துகொண்டேன். அது எனக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். ஆணையிட்டவன் நீ. ஆனால் அவள் வாய் திறந்து கேட்டபோது பொய் சொன்னவன் நான். நோயாளி பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற டாக்டர் என்று இந்த ஊரில் எனக்கு இப்போது நல்ல பெயர். யாராவது அப்படிச் சொன்னால் செத்துவிடலாம் போலிருக்கிறது.

சாந்தி விஷயத்தில் நீ கேட்டபடியே வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று அவளே கிளினிக்குக்கு வந்தாள். மற்றவர்களோடு வரிசையில் காத்திருந்து, முறை வந்தபின் உள்ளே வந்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. அம்மாவிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள்.

எவ்வளவு தெரிய வேண்டும் என்றேன். எல்லாம் என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யை முதலில் சொன்னேன். உன் ஆணையையும், சென்னையில் நீ சொன்னதையும் பிறகு சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா உங்களை நேரா கேட்டாங்களா?"

"கேட்டாம்மா."

எழுந்து போய்விட்டாள். அடுத்த நோயாளி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவரிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவள் உனக்கு எழுதுவாளா என்று தெரியாது. எழுதினால் உண்மையைச் சொல். எனக்கு நீ இனி எழுத வேண்டாம்.

ஆதிமூலம்