கண்ணை மூடி உட்காரும் மாமா

எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்ட என் கன்னியம்மா அக்காவுக்கு,

நீ இறந்துபோன பிறகு உன் மகள் செல்லம்மா ராயபுரத்தில் என்னோடுதான் இருக்கிறாள். இப்போது உன் வீட்டுக்காரர், அதுதான் மாமா, அவளைத் திரும்பக் கேட்கிறார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாமா மாறிவிட்டாராம். வியாசர்பாடியில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். குடிப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்த மண்டபத்துக்குப் போகிறாராம். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிவிட்டு வந்ததும் குளித்து, அங்கே சொல்லிக்கொடுத்தபடி சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறாராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன்மேல் விழுந்த அடியைப் பார்த்தவள் அல்லவா நான்?

போன வாரம் செல்லம்மாவை அழைத்துக்கொண்டு, டிராமை விட்டு இறங்கி நடந்து, சொல்லாமல் அவர் வீட்டில் போய் நின்றேன். உட்கார்ந்துதான் இருந்தார். வேண்டுமென்றே சொம்பைக் கீழே போட்டேன். இமை அசைந்தது, கண் திறக்கவில்லை. நடிப்போ? எழுந்ததும் நேராகவே கேட்டேன்.

“கண்ண மூடிகினு இன்னா பண்ற மாமா?”

“இன்னிக்கு யார் மேல எரிஞ்சு வுழுந்தேன், யார ஏமாத்துனேன்னு நெனச்சுப் பாத்துகினு கீறேன்.”

“அக்கா உசுரோட இருந்தப்போ பாத்திருக்கலாமே?”

கரி போகாத நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து செல்லம்மா கஞ்சிச் சட்டியைத் தட்டிவிட்டாள். அவர் கை மேலே போனது அக்கா. அதே கை! குழந்தை என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, தள்ளியே குந்தினார்.

“பயந்துட்டியா கண்ணு?”

“ஆமா நைனா.”

“எனக்கும் பயமாத்தான் கீது.”

நான் நின்றதால் இறங்கிய கையா அது? நான் இல்லாத நாளில்?

வீட்டுக்கு வந்து, அதில் என்னதான் இருக்கிறது என்று நானும் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மாமாமேல் கோபம் வந்தது. அப்புறம் மில்லில் என்னோடு சண்டை போட்டவள் முகம். அதற்கும் பிறகு வந்ததுதான் தூக்கிவாரிப் போட்டது. மாமா உண்மையாகத் திருந்திவிடக் கூடாது என்று எனக்குள் ஓர் ஆசை இருக்கிறது அக்கா. திருந்திவிட்டால் பிள்ளையைக் கொடுக்க வேண்டுமே. எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது அவரையும் நம்ப முடியவில்லை, என்னையும் நம்ப முடியவில்லை. அதனால் செல்லம்மாவையே கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம மட்டும் போறேன் சித்தி. பொழுது சாயறதுக்குள்ள வந்து இட்டுகினு போயிடு.”

மாமாவிடம் சொன்னேன். “அவ சொல்றதுதான் சரி” என்றார். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. அதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அவளை அழைக்கப் போகும்போது அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அதில் பயம் தெரிந்தால் யார் சொன்னாலும் மறுபடி அனுப்ப மாட்டேன். சிரிப்புத் தெரிந்தால், என் வயிறு எரிந்தாலும் அனுப்புவேன்.

உனக்குத் தங்கையும் உன் பிள்ளைக்குச் சித்தியுமான
அஞ்சலை