எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி

மார்ச் 4

மறுபடியும் ஆரம்பம். மாவு கூடாது, சர்க்கரை கூடாது, உருளைக்கிழங்கு கூடாது. போன வருஷம் இதே கூத்தை நானாக ஆரம்பித்தேன். வெள்ளரிக்காயும் வெந்நீருமாகக் கிடந்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதும் விட்டுத் தொலைத்தேன். போன எடை வட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தத் தடவை ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. தம்பியின் கல்லீரல் சுருங்கிக்கொண்டே போகிறது. மாற்றினால்தான் பிழைப்பான். என் ரத்தம் அவனுக்குப் பொருந்துகிறது. என் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால் இரண்டு பேருக்குமே வளர்ந்துவிடுமாம். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் டாக்டர் ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பினார். "உங்க கல்லீரல்ல கொழுப்பு ஜாஸ்திம்மா. எடை குறையாம எடுக்க முடியாது."

பக்கத்தில் தம்பி, மஞ்சள் பூத்த கண்ணோடு சிரிக்கிறான். "அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டிருக்கேன் டாக்டர்."

எருமை.

மார்ச் 6

பேக்கரிக்காரரைக் கட்டிக்கொண்டு நான் மாவை விட வேண்டுமாம். வீட்டுக்குக் கீழேயே கடை. கண் விழிப்பதற்குள் ரொட்டி வாசனை படியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறது. இவர் பாவம், சட்டையில் ஒட்டிய மாவை வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

"வேணும்னா கொஞ்ச நாள் கடைய மூடிடட்டுமா?" என்றார்.

"மூடிட்டு? அந்த அடுப்புல என்னை வெச்சுச் சுடப் போறீங்களா?" என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்த அம்மா ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள்.

மார்ச் 7

தலைவலி. யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

மார்ச் 12

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது உட்கார்ந்தே உடம்பு பெருக்கிற வேலை. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கை, கால் மட்டும் என் பக்கத்து பிரேக்கில். இன்று பல் டாக்டரம்மாவுக்கு வகுப்பு. கைப்பையைத் திறந்து பிஸ்கட்டை நீட்டுகிறார். "ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டா என்ன டீச்சர் ஆயிடப் போகுது?"

ஒண்ணே ஒண்ணு! பார்க்கிறவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். பல்லைப் பிடுங்கும்போதும் இவர் இப்படித்தான் கேட்பாரோ? நான் வேண்டாம் என்று தலையாட்டிய நேரத்தில் காரை நடைபாதையில் ஏற்றிவிட்டார்.

மார்ச் 19

உணவு ஆலோசகரிடம் நல்ல திட்டு. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெறும் சூப்பில் ஓட்டுவதைப் பெருமையாகச் சொன்னேன். சின்னப் பெண்தான், ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பட்டினி கிடந்து சடசடன்னு குறைச்சா கல்லீரல் இன்னும் கெடலாம். போன தடவ பண்ணினதையே திரும்பப் பண்றீங்க. முட்டை, மீன், கீரை, கொட்டை வகை, எண்ணெய், எல்லாம் வயிறு நிறைய சாப்பிடுங்க. நடங்க. மெதுவாப் போங்க."

மெதுவாக! அங்கே அவன் வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது, நான் ஆற அமர முட்டை உரித்துக்கொண்டிருக்க வேண்டுமாம். யாரிடம் போய் இதைச் சொல்ல?

ஏப்ரல் 2

முள் நகரவில்லை. எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளினேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஏப்ரல் 9

தம்பி மனைவி போன் பண்ணினாள். "அண்ணி, இவர் திடீர்னு ஆபரேஷனே வேண்டாங்கிறார். நீங்க வந்து பேசுங்க."

போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"நாளைக்கு உனக்கு ஏதாவது ஆயிட்டா மாமா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எனக்காக உன் வயித்தக் கிழிச்சுக்கோன்னு என்னால சொல்ல முடியாதுக்கா."

அழுகை வர வேண்டிய இடம். எனக்கு வந்தது கோபம். "டேய், முட்டைக்கோஸ மென்னு மென்னு எனக்குத் தாடையே தேஞ்சு போச்சு. இப்ப வந்து வேணாங்கிறியா? வாய மூடிக்கிட்டு வாங்கிக்கோ!"

திரும்பிப் பார்த்தான். கன்னம் ஒட்டிப்போய் அப்பா மாதிரியே இருந்தான். "சரி, கத்தாத. பக்கத்து பெட்டுக்காரர் தூங்கறார்" என்றான்.

அழுகை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வந்தது.

ஏப்ரல் 20

தின்றுவிட்டேன். காலையில் சாவி எடுக்கக் கடைக்குள் போனவள், சூடாக இறக்கி வைத்திருந்த இனிப்பு பன்னை நின்றபடியே, விழுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றோடு நிற்கவில்லை. தட்டு காலியாகிற சமயத்தில் இவர் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"மத்தியானத்துக்கு மீன் வாங்கிட்டு வரேன்" என்றார். அவ்வளவுதான்.

சீ. என்ன ஜென்மம் நான்?

மே 16

ஸ்கேன். டாக்டர் பழைய படத்தையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "நல்லா குறைஞ்சிருக்கு. எடுக்கலாம்." அடுத்த மாத முதல் வாரத்தில் ஆபரேஷன். இவர் என் கையைத் தேடினார். பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மே 27

மேட்டில் ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தோம், பல் டாக்டரம்மாதான் ஓட்டினார். தம்பி மனைவியின் போன். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அண்ணி, கிடைச்சிடுச்சு! விபத்துல இறந்தவரோடது. முழுசா கிடைக்கும்போது அதுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்பவே உள்ள கொண்டு போறாங்க. உங்கள வெட்ட வேண்டாம் அண்ணி."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. எழுதவே கூசுகிறது. அப்போ என்னுடையது? இத்தனை நாள் நான் வாயைக் கட்டினது? அவனுக்குக் கொடுப்பதற்கென்று தேய்த்துத் துலக்கி வைத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த மாதிரி, சுருக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது: எங்கேயோ ஒரு வீட்டில் இப்போது ஒப்பாரி. அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், யாரென்றே தெரியாத என் தம்பிக்கு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். டாக்டரம்மா காரை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, "இறங்குங்க டீச்சர், டாக்ஸி பிடிக்கலாம்" என்றார். பிஸ்கட் நீட்டவில்லை.

மே 29

கண் திறந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

ஜூலை 6

விட்டுவிடலாம்தான். இப்போது யாரும் என்னை எடை போட்டுப் பார்க்கப் போவதில்லை. இவர் தைரியமாக ரொட்டியை மேஜை மேலேயே வைக்கிறார். ஆனால் மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறேன், முட்டி வலி போன இடம் தெரியவில்லை. காலையில் முட்டையை வேக வைத்தேன். இவர் பார்த்தார். இன்னொரு முட்டையையும் போட்டார், தனக்கு.

ஆகஸ்ட் 17

ஆபரேஷனுக்கு அப்புறம் போடுகிற மாத்திரை தருகிற பசியில் தம்பி கண்டதையெல்லாம் தின்று ஊதிவிட்டான். மாவும் சர்க்கரையும் குறைக்கச் சொல்லிவிட்டார்களாம். விடிந்ததிலிருந்து போன். பால் குடிக்கலாமா? கேரட் இனிக்குதே, தின்னலாமா? "நீ எப்படித்தான்க்கா இருந்தே? எனக்குச் செத்துடலாம் போல இருக்கு."

"செருப்பால அடிப்பேன்" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகூட நிம்மதியாக ஒரு பக்கம் எழுத விடமாட்டேன் என்கிறான். இதோ மறுபடியும் அடிக்கிறது. இருடா, வரேன்.