இரவு விழாவுக்குக் காலை வெயிலில் கைதட்டியது குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தர்க்கவியல் விரிவுரையாளர்,
மூன்றாம் மாடி, கிழக்குப் பார்த்த வீடு.
(முழு முகவரி உறையின் பின்புறம்)

பெறுநர்:
ஒளிபரப்புப் புகார்கள் ஆணையர் அவர்கள்,
ஒளிபரப்புக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: சர்வதேச விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா – "இல்லங்களில் இந்த நிமிடம்" என்னும் பகுதி – எங்கள் குடும்பத்தின் மகிழ்ச்சி முந்தைய நாள் காலையிலேயே படமாக்கப்பட்டு, நேரலை என்று காட்டப்பட்டமை – அவ்வாறே நடந்தது என ஒருவரிச் சான்று பெற்றுத்தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் பற்றிய எனது முந்தைய மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட மனுவைத் தாங்கள் "உரிய நடவடிக்கைக்காக" அனுப்பிவைத்தது, நான் எந்த நிலையத்தின் மீது புகார் கூறியிருந்தேனோ அந்த நிலையத்துக்கே. நிலையத்தாரும் உரிய நடவடிக்கை எடுத்தார்கள். "தங்கள் அன்பான எதிர்வினைக்கு நன்றி, தொடர்ந்து பாருங்கள்" என்று அச்சிட்ட வண்ண அட்டை ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் எங்கள் குடும்பத்தின் படமும் இருந்தது. ஆகவே இதை இரண்டாவது முறை எழுதுகிறேன். இம்முறை தாங்களே படித்துவிட்டு அனுப்பினால் போதும்.

2. சம்பந்தப்பட்டவள் என் தம்பியின் மகள், மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள், வேகநடை வீராங்கனை. அவளுடைய பெயரை நிலையத்தார் வேறொருவர் தலைக்கு மேல் எழுதிக் காட்டிவிட்டபடியால், இம்மனுவில் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறேன். அவள் நடக்கும் அழகை முன்னிட்டு வீட்டில் அவளை வாத்து என்போம். இங்கும் அப்படியே குறிப்பிட அனுமதிக்க வேண்டுகிறேன்.

3. வேகநடை என்பது, எவ்வளவு விரைந்தாலும் ஒரு பாதம் எப்போதும் தரையைத் தொட்டிருக்க வேண்டும் என்ற விதிக்கு உட்பட்ட போட்டி. "நடக்கறதுக்குக்கூடவா மெடல் குடுக்கறாங்க?" என்று கீழ்வீட்டுத் தையல்காரர் அவளைப் பல ஆண்டுகள் கேலி செய்தார். அவளோ மழையானாலும் வெயிலானாலும் வேலைக்கு நடந்தே போனாள். பஸ் அவளைக் கடந்து போனால் அடுத்த நிறுத்தத்தில் அதை எட்டிப்பிடித்துக் கடந்து நடந்தாள். இப்படியாக முப்பத்தொரு வயதில் நாட்டின் அணியில் இடம் பெற்றாள். இதில் யாருடைய சிபாரிசும் இல்லை என்பதை, பின்னால் வரும் செய்திகளைக் கருதி இங்கேயே பதிவு செய்கிறேன்.

4. விழாவுக்கு முந்தைய நாள் காலை நிலையத்தின் படப்பிடிப்புக் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. காதில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி அதற்குத் தலைவி. மகள் மைதானத்துக்குள் நுழையும் நிமிடத்தில் குடும்பம் எப்படி மகிழும் என்பதை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டால் நாளை இரவு எல்லோருக்கும் சிரமம் மிச்சம் என்று அவள் விளக்கினாள். காரணம் முன்னே, காரியம் பின்னே என்றுதான் நான் கல்லூரியில் காலமெல்லாம் கற்பித்தேன். தொலைக்காட்சிக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

5. அணைத்து வைக்கப்பட்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் முன் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். பெட்டியில் எங்கள் முகங்களே மங்கலாகத் தெரிந்தன. தம்பி மனைவி முதல் முறையே சரியாகக் கைதட்டினாள். தம்பிதான் சிரமப்படுத்தினான். அவன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பாதி வழியில் சிக்கிக்கொண்டு கதறுகிறவர்களிடம் நிதானமாகப் பேசிப் பழகியவன். சொன்னவுடன் அழுவதற்குத் தெரியாதவன். "அப்பா, உங்க பொண்ணு முதல்முதலா ஜெயிச்ச நாளை நெனச்சுக்கோங்கப்பா, தானா வரும்" என்றாள் ஹெட்போன். சிறிது நேரத்தில் வந்தது. நன்றாகவே வந்தது. எதை நினைத்தாய் என்று பிறகு கேட்டேன். "அவ தோத்த நாளைத்தான். எல்லைக்கோட்டுக்கிட்ட செவப்பு அட்டை காட்டி வெளியேத்தினானே, அது. ஜெயிச்சது சட்டுனு ஞாபகம் வரலைக்கா" என்றான்.

6. என்னை நெஞ்சில் கைவைத்து "எங்க வீட்டுப் பொண்ணு!" என்று கூவச் சொன்னார்கள். மறுத்தேன். "சரி பாட்டி, நீங்க சும்மா இதை ஆட்டுங்க" என்று நிலையத்தின் முத்திரை அச்சிட்ட சிறு காகிதக் கொடி ஒன்றைக் கையில் கொடுத்து என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். எனக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது, பிள்ளைகளே கிடையாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான் கொடியை ஆட்டினேன். மறுப்பதற்கில்லை.

7. இங்கே ஓர் உண்மையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். காட்சியில் நேரம் தெரியக்கூடாது என்று, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்தார்கள். ஆனால் எங்கள் பின்னால் இருந்த ஜன்னலை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ஜன்னல் கிழக்குப் பார்த்தது. ஒளிபரப்பான காட்சியில் தம்பியின் இடது தோளிலும் சோபாவின் கைப்பிடியிலும் நல்ல வெயில் விழுகிறது. விழா தொடங்கியது நம் நேரப்படி இரவு எட்டு மணிக்கு. கடிகாரத்தைக் கழற்றத் தெரிந்தவர்களுக்குச் சூரியனைக் கழற்றத் தெரியவில்லை.

8. மறுநாள், அதாவது விழா நாளன்று பிற்பகல், வாத்து போட்டி நடக்கும் நகரிலிருந்து தொலைபேசியில் பேசினாள். அணி மேலாளருடைய மச்சினிக்கு அணிவகுப்பில் நடக்க ஆசையாம். வாத்தின் அணிச் சீருடைக் கோட்டு அந்த அம்மாளுக்கு அளவாக இருந்ததாம். "விழாவுக்கு மட்டும்தாம்மா. காலைல ரேஸுக்கு நீதானே போகப்போறே, ராத்திரியே குடுத்துடறேன்" என்று சொல்லி, கோட்டையும் தொப்பியையும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் மேலாளர் வாங்கிக்கொண்டார். மேலாளரிடம் மாட்டேன் என்று சொல்லும் நிலையில் எந்த வீராங்கனை இருக்கிறாள் என்று தாங்கள் அறிந்தால் எனக்கும் தெரிவிக்கவும். "அத்தை, நான் இன்னிக்கு உள்ள போகலை. டிவில என்னைத் தேடாதீங்க. அப்பாகிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க" என்றாள்.

9. நான் அக்கணமே ஹெட்போனை அழைத்து, எங்கள் பெண் அணிவகுப்பில் இல்லை, ஆகவே அக்காட்சியைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் சொன்ன பதிலைச் சொல் மாறாமல் தருகிறேன்: "ஐயோ, எடிட் முடிஞ்சு மேல போயிடுச்சே பாட்டி. அதுவும் அந்த அப்பா அழுவறது அவ்வளவு நல்லா வந்திருக்கு!"

10. அன்று இரவு நாங்கள் மூவரும் அதே சோபாவில், இம்முறை பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். விஷயம் தெரியாத தையல்காரரும் கேலியை எல்லாம் மறந்து புதுச் சட்டையில் வந்திருந்தார். தடுக்க மனம் வரவில்லை. நம் நாட்டு அணி நுழைந்தது. அகலமான தொப்பிக்குக் கீழே முகம் தெரியாத ஓர் உருவத்தைச் சுற்றி வட்டம் போட்டு, வாத்தின் பெயரை எழுதினார்கள். "இதோ இவருடைய இல்லத்தில் இந்த நிமிடம்!" என்றார் வர்ணனையாளர். திரையில் என் தம்பி கண்ணீர் மல்கக் கைதட்டினான். சோபாவில் என் தம்பி இரு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். திரையின் மூலையில் நேரலை என்ற சொல் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. "என்னம்மா இது, அங்க குதிக்கிறீங்க, இங்க உக்காந்திருக்கீங்க?" என்றார் தையல்காரர். தம்பி மனைவி, திரையில் தன் முகத்தையே பார்த்தபடி, "எவ்வளவு சந்தோஷமா இருக்கேன் பாருங்க அண்ணி" என்றாள்.

11. மறுநாள் காலை போட்டி. அடையாள அட்டை திரும்பி வரவில்லை. மேலாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. விழா அலுப்பில் உறங்கிக்கொண்டிருந்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். வாத்து காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதான வாசலில் நின்றாள். அட்டையில்லாமல் உள்ளே விடுவதற்குக் காவலர்களுக்கு அதிகாரமில்லை. அவர்கள் மீது குறையில்லை. விதிப்படி நடந்தவர்கள் இவ்விவகாரத்தில் அவர்கள் மட்டுமே. உள்ளே போட்டியைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி வெடித்த சத்தம் வாசலுக்குக் கேட்டதாம்.

12. திரும்பி வந்து விளையாட்டுச் சங்கத்தில் முறையிட்டாள். சங்கம் விசாரித்து அளித்த முடிவு: வீராங்கனை தொடக்க விழாவில் தமது அடையாள அட்டையுடன் கலந்துகொண்டுள்ளார்; மறுநாள் தன்னிச்சையாகப் போட்டியைத் தவிர்த்து அணிக்கு அவப்பெயர் தேடித் தந்துள்ளார்; ஆகவே நான்காண்டுத் தடை. ஆதாரம்: நிலையத்தின் ஒளிப்பதிவு. முடிவின் ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதுகிறேன்: "அவரைப் பெற்றோரும் அத்தையும் நேரலையில் அடையாளம் கண்டு பெரிதும் மகிழ்ந்திருப்பதால், அணிவகுப்பில் சென்றவர் வேறொருவர் என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று." அதாவது, ஐயா, எங்கள் பெண்ணுக்கு எதிரான சாட்சிகள் நாங்கள் மூவர்.

13. ஜன்னல் வெயிலைச் சுட்டிக்காட்டினேன். அது படப்பிடிப்பு விளக்காக இருக்கலாம் என்றார் விசாரணை அதிகாரி. விளக்காயின், விழா நேரத்தில் எங்கள் வீட்டில் படப்பிடிப்புக் குழு இருந்திருக்க வேண்டும்; அப்படியானால் அவர்களை அழைத்துக் கேளுங்கள் என்றேன். "நீங்க ரொம்பப் படிச்சவங்கம்மா" என்றார். அது பாராட்டாகச் சொல்லப்படவில்லை. தையல்காரரைச் சாட்சிக்கு அழைத்தேன். அவர் வரவில்லை. அவர் பொய் சொல்லவும் இல்லை. அக்காட்சி அதன் பிறகு தினந்தோறும் மாலைச் செய்திக்கு முன் விளம்பரமாக ஓடியதில், தான் எங்கள் அருகே உட்கார்ந்திருந்தது அவருக்கே சந்தேகமாகிவிட்டது. இப்போது துணி தைக்க வருகிறவர்களிடம், "எங்க மாடி வீட்டுப் பொண்ணு, கொடி வரிசையில போனா பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்கிறார். அவருக்கு வந்தது உண்மையான கண்ணீராகவே இருக்கும்.

14. பொதுமக்களின் எதிர்வினைகளும் நிலையத்தின் இணையப் பக்கத்தில் திரட்டித் தரப்பட்டுள்ளன. இந்த அப்பாவைப் போல் ஒரு அப்பா வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பின்னால் கொடியாட்டும் பாட்டிக்கு மட்டும் ஏன் கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்கிற முகம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அத்தனை பேரிலும் காட்சியைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவரே. தடைச் செய்தி வெளியான பிறகு அதே பக்கத்தில், இப்படி அழுத தகப்பனை ஏமாற்றிவிட்டு ஓடினவளுக்கு நான்காண்டு போதாது என்றும் எழுதியிருக்கிறார்கள். தம்பி இரண்டையும் படித்தான். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தான்.

15. மேல்முறையீட்டுக் குழு ஒரேயொரு தாளைக் கேட்கிறது: அக்காட்சி விழாவுக்கு முந்தைய நாள் பதிவானது என்று நிலையத்தின் சான்று. நிலையத்தாரோ, மூலப்பதிவு வழக்கப்படி அழிக்கப்பட்டுவிட்டதால் எதையும் உறுதி செய்ய இயலாது என்கிறார்கள். அழிக்கப்பட்டதை நேற்று மாலையும் பார்த்தேன். கெடு இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. தடை நீடித்தால், அது முடியும்போது வாத்துக்கு முப்பத்தைந்து வயது. அந்த வயதில் அணிக்குள் புதிதாக யாரும் நடந்து வந்ததில்லை.

16. எனது முதல் மனு தங்களுக்குக் கிடைத்தது என்று தெரிவிக்கவே தங்கள் அலுவலகத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. எனவே வெள்ளிக்கிழமைக்குள் இது பிரிக்கப்படும் என்று நம்பி இதை எழுதவில்லை. மறுப்பு ஏதும் வராவிடில் ஒளிப்பதிவின் உண்மையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று சங்கத்தின் கடிதத்தில் கடைசி வரியாக இருக்கிறது. அந்த வரிக்கு நாங்கள் இடம் கொடுக்கவில்லை என்பதற்கு எங்கேனும் ஒரு கோப்பில் ஒரு தாள் இருக்கட்டும்.

17. சென்ற வாரம் ஹெட்போன் மீண்டும் அழைத்தாள். நாடு மறக்க முடியாத மகிழ்ச்சித் தருணங்கள் என்று ஒரு நிகழ்ச்சியாம். நாங்கள் மகிழ்ந்த காட்சியை நாங்களே பார்த்து மகிழ்வதைப் படமெடுக்க வேண்டுமாம். தடை பற்றி அவளுக்குத் தெரியாது. அது வேறு பிரிவு என்றாள். நான் பதில் சொல்லுமுன் தம்பி மனைவி தொலைபேசியை வாங்கி, "வாங்கம்மா. வரும்போது ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை கொண்டாந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

18. ஆகவே, நிலையத்திடமிருந்து மேற்படி சான்றைப் பெற்றுத்தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நஷ்டஈடு கோரவில்லை. மன்னிப்பும் கோரவில்லை, அதையும் முன்கூட்டியே படமெடுத்து வைத்திருப்பார்கள். சான்று இயலாவிடில், அக்காட்சியை மாலையில் ஒளிபரப்புவதையேனும் நிறுத்தச் சொல்லவும். அந்த நேரத்தில்தான் வாத்து வேலை முடிந்து வீடு திரும்புகிறாள். முன்பு போல் நடந்தே வந்தால், அவள் வீடு சேரும் நிமிடம் பிசகாமல் தெரிந்துவிடும். பெட்டியை அணைக்க அவகாசம் இருக்கும். இப்போது அவள் பஸ்ஸில் வருகிறாள். எப்போது வருகிறாள் என்றே தெரிவதில்லை.

இடம்: கிழக்கு ஜன்னல் உள்ள மேற்படி வீடு
நாள்: கெடு முடியும் வாரத்தின் திங்கட்கிழமை, காலை, வெயில் இருக்கும்போது

இவண்,
(ஒப்பம்)
மேற்படி வீராங்கனையின் அத்தை,
அவளுக்கு எதிரான மூன்றாம் சாட்சி.

இணைப்பு:
அ) வெயில் தெரியும் காட்சியின் புகைப்படம்.
ஆ) சங்கத்தின் முடிவு, நகல்.
இ) நிலையத்தின் வாழ்த்து அட்டை, அசல்.
ஈ) காகிதக் கொடி ஒன்று. நிலையத்தின் உடைமை, தயவுசெய்து அவர்களிடம் சேர்ப்பிக்கவும். ஒரு முறைதான் பயன்படுத்தப்பட்டது.