ஏத்துறது உன் வேலை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் அதேதான். மேலே போனேன், கீழே வந்தேன். லிஃப்ட் மெக்கானிக்காகப் பதினாலு வருஷம். ஏறின உயரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேகத்தைத் தாண்டியிருப்பேன். பக்கவாட்டில்தான் ஓரடி நகரவில்லை. அதே ஊர், அதே ரூட், அதே வாட்ச்மேன்கள், "மேடம், மறுபடியும் கிறீச்சுங்குது" என்கிற அதே புகார்.

ரூட்டில் கூட வருபவன் சித்தப்பா. என்னைவிட ஆறு வயது சின்னவன். இருபத்தைந்திலேயே முன்மண்டை காலியானதால் எங்கள் லிஃப்ட் கம்பெனி டிப்போவில் வைத்த பெயர். இப்போது மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். "டேய் சித்தப்பா, உனக்கு எங்கயாவது போகணும்னு தோணாதா?" என்று கேட்டேன். "தோணும்க்கா. சாப்பிடப் போகணும்னு" என்றான். இவனிடம் போய்க் கேட்டேன் பார்.

வீட்டுக்கு வந்தால் நாலு மாடி, வெறும் படி. ஊர் லிஃப்ட்டையெல்லாம் ஓட வைக்கிறவள் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், அம்மாவைத் தவிர. துணிக்கடையில் உட்கார விடாமல் நிற்க வைத்தே வேலை வாங்கி அவள் முழங்கால் இரண்டையும் தின்றுவிட்டார்கள். போன மழைக்காலத்துக்குப் பிறகு அம்மா கீழே இறங்கவே இல்லை. "அடுத்த மாசம் கீழ்வீடு பாக்குறேம்மா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை அடுத்த மாசம்!

பிப்ரவரி 9, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். கடல் தாண்டி, வேறு நாட்டில், அறுபது மாடிக் கோபுரம். இரண்டு வருஷம். பழுது பார்க்கிற வேலை இல்லை — வெறும் குழிக்குள் தூக்குக்குண்டு விட்டு, முதல் கம்பியிலிருந்து புதிதாகப் பொருத்துகிற வேலை. எங்கள் டிப்போவிலிருந்து ஒரே ஒருவர். "உன் பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கேன். வீட்டில கேட்டுச் சொல்லு" என்றார்.

வீட்டில் கேட்கவில்லை. சாப்பிடும்போது வாய்வரை வந்தது. அம்மா ஜன்னலில் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி புது சைக்கிள் வாங்கியிருக்கிறாளாம். முதல் நாளே விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எழுந்து போனாளாம். "நான் பாத்துட்டேன்ல" என்று அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது?

பிப்ரவரி 10, செவ்வாய்

போகணும். போகணும். போகணும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மொட்டைமாடிக்குப் போய்த் தம்பியிடம் போனில் பேசினேன். ஏதோ திருட்டுக் காதல் மாதிரி.

"நீ போக்கா. அம்மாவை நான் வச்சுக்கிறேன். பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு" என்றான். அது ரூம் இல்லை, பழைய ஃபேனும் சூட்கேஸும் போட்டு வைக்கிற இடம். எனக்குத் தெரியும். இருந்தாலும் "சரிடா" என்றேன். எப்போது கொண்டுவந்து விடுவது, மாத்திரைகள் என்னென்ன, கட்டில் எந்தப் பக்கம் போடுவது — எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேருமே பேசி முடித்துவிட்டோம்.

முப்பத்தெட்டு வயதாகிறது. கல்யாணம் என்று ஒன்று நடந்தது, மூன்று வருஷத்தில் முடிந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. இப்போதும் போகாவிட்டால் எப்போது போவேன்? அம்மாவை விட்டுவிட்டு ஓடுகிறேனா? இல்லை. ஓடவில்லை. போகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. உண்டுதானே?

பிப்ரவரி 17, செவ்வாய்

மேனேஜரிடம் சரி சொல்லிவிட்டேன். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

நான் ஒரு மடச்சி. சரியான மடச்சி.

ஒன்பது மாடிக் கட்டடம். சித்தப்பா அடுத்த இடத்துக்கு முன்னாடி போய்விட்டான். நான் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று கதவு உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே நிற்கும்போது அங்கிருக்கிற சுவிட்ச்சை 'இன்ஸ்பெக்‌ஷன்' பக்கம் திருப்பிவிட வேண்டும். அப்போது லிஃப்ட் யார் கூப்பிட்டாலும் அசையாது, மேலே நிற்கிற நாம் அழுத்துகிற பொத்தானின் பேச்சை மட்டும் கேட்கும். இறங்கும்போது 'நார்மல்' பக்கம் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டு ஒருமுறை உள்ளே ஏறி ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான்.

வெளியே கால் வைத்த நேரத்தில் மேனேஜர் போன். "பேரை அனுப்பிட்டேன். உனக்குத்தான்னு வச்சுக்கோ." எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவைச் சாத்தினேன், பேசிக்கொண்டே படியில் இறங்கினேன். படியில்! லிஃப்ட்டைப் பழுது பார்த்துவிட்டுப் படியில் இறங்கிப் போனவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாலையில் சித்தப்பாவுக்குப் புகார் போய், அவன் போய்ப் பார்த்திருக்கிறான். "அக்கா, ஒண்ணுமே ரிப்பேர் இல்ல. சுவிட்ச் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கு" என்றான். அப்புறம் தயங்கி, "நான்தான் மறந்தேன்னு சொல்லிடவா?" என்றான். வாயை மூடுடா என்று திட்டினேன். அழுகை வந்துவிட்டது.

ஒன்பதாம் மாடியில் காலில் கட்டுப் போட்ட ஒரு பெண். தங்கையின் பிரசவத்துக்கு விமானம் ஏற வேண்டியவள். டாக்ஸி கீழே நின்றிருக்கிறது. அவள் மேலே நின்றிருக்கிறாள். விமானம் போய்விட்டது.

பிப்ரவரி 21, சனி

அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். கம்பெனி செலவில் வேறு டிக்கெட் போட்டாகிவிட்டது, அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்கலாம் என்று. கதவைத் திறந்தவள் உள்ளேகூடக் கூப்பிடவில்லை. என் வயதுதான் இருக்கும்.

"ராத்திரியே குழந்தை பொறந்தாச்சு. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்களுக்கென்ன, நீங்க பாட்டுக்குப் படியில இறங்கிப் போயிட்டீங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. பதிலுக்கு நானும் மனதுக்குள்ளாவது திட்டியிருப்பேன். படியில இறங்கிப் போயிட்டீங்க — இதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

கோபுரம் போச்சு. புகார் மேலிடம்வரை போயிருக்கிறது. "இந்தத் தப்பைப் பண்ணாத மெக்கானிக் யாரு? நானே பண்ணியிருக்கேன். ஆனா நேரம் பாத்துப் பண்ணிட்டியே" என்றார் மேனேஜர். என் இடத்தில் அடுத்த டிப்போக்காரன் போகிறான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

சமாதானத்துக்கு ஒன்று சொன்னார். சுற்றுக் குழுவில் ஓர் இடம் காலியாம். சின்னச் சின்ன ஊர்கள், பழைய ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் புதிதாக லிஃப்ட் பொருத்துவது, ஊருக்கு ஆறு மாசம். யாருமே போக மாட்டேன் என்கிறார்களாம். அறுபது மாடிக்கு ஆசைப்பட்டவளிடம் மூன்று மாடியைக் காட்டுகிறார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். யோசிக்கக்கூட இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன்.

தம்பி அம்மாவுக்கே போன் போட்டு, "கட்டில் வாங்கிட்டேன், எப்ப வர்றே?" என்று கேட்டிருக்கிறான், கூறுகெட்டவன். கோபுரம் போன விஷயத்தை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "நான் என்ன பார்சலா? அக்கா அனுப்புவா, தம்பி வாங்கிக்குவானா?"

மன்னிப்பு கேட்டிருக்கலாம். நான் கத்தினேன். "எங்கயும் போகல போதுமா! எல்லாம் போச்சு! உன்னைய என்ன பண்றதுன்னு யோசிச்சு யோசிச்சே என் புத்தி கெட்டுப்போச்சு. உன்னாலதான் நான் இந்த ஊர்லயே கிடந்து சாகுறேன்!"

அம்மா ரொம்ப மெதுவாகக் கேட்டாள் — "என்னாலயா? என்னை எவடி கேட்டா? நின்னு நின்னு முட்டி போச்சு, இப்ப உக்காந்து உக்காந்து புத்தி போகுது. உனக்கு மட்டும்தான் எங்கயாவது போகணும்னு இருக்கா?"

இந்தக் கேள்வி எனக்கு ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. ஒருநாள்கூட.

பிப்ரவரி 25, புதன்

அம்மா சோறு போட்டாள். தட்டை 'டங்'கென்று வைத்தாள்.

பிப்ரவரி 26, வியாழன்

சாயங்காலம் தெருமுனை திரும்பும்போதே பார்த்தேன். கீழ்க்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, யாரோ ஒரு அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். புடவை நம் வீட்டுப் புடவை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். நம் அம்மாதான்!

உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கியிருக்கிறாள். புடவையின் பின்பக்கம் முழுக்க நாலு மாடித் தூசி. மத்தியானமே வந்துவிட்டாளாம். கடைக்காரரோடு ஊர்க்கதை, எதிர்வீட்டு சைக்கிள்காரியோடு சிநேகம், அவளிடம் "நீ விழுந்ததைப் பாத்தேன்" என்றுகூடச் சொல்லியாகிவிட்டது.

ஓடிப்போய்க் கேட்டேன்: "உனக்கென்ன பைத்தியமா? வழியில விழுந்திருந்தா? இப்ப எப்படி மேல போறது?"

அம்மா டீயை முழுசாகக் குடித்து முடித்தாள். "இறங்கிட்டேன். ஏத்துறது உன் வேலை. அதுக்குத்தானே சம்பளம் வாங்குறே?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நானும் அவனும் அம்மாவை அந்த நாற்காலியோடு தூக்கினோம். இரண்டாம் மாடி வரும்போதே அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "மெதுவாடா சித்தப்பா, மாடிக்கு மாடி கதவு திறக்கணும்ல" என்று அம்மா கிண்டல். மேலே போய் இறக்கியதும், தன் முட்டியைத் தடவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலிக்கிறது, சொல்ல மாட்டாள்.

பதினாலு வருஷமாக முன்பின் தெரியாதவர்களையெல்லாம் ஏற்றி இறக்குகிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

காலையில் கேட்டேன். பல்லைத் துலக்கிக்கொண்டே, ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல. "அம்மா, சின்னச் சின்ன ஊரா சுத்துற வேலை ஒண்ணு இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு ஊர். பெரிய சம்பளமெல்லாம் இல்ல. வர்றியா?"

"முதல் ஊர் எது?" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

மார்ச் 2, திங்கள்

"நிஜமாவா? அங்க தியேட்டர்கூட இருக்காதும்மா" என்றார் மேனேஜர். எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான் சார் என்றேன். எந்த ஊரானாலும் வீடு தரைத்தளத்தில், இல்லை லிஃப்ட் உள்ள கட்டடத்தில்.

தம்பியிடமும் சொன்னேன். "அப்ப கட்டில்?" என்கிறான்.

மார்ச் 28, சனி

வீட்டைக் காலி செய்தோம். சித்தப்பா வந்து மறுபடியும் நாற்காலி தூக்கினான். அம்மா அவனுக்குத் தலைமுடி வளர எண்ணெய் ஒன்று சொல்லியிருக்கிறாள். அவன் "இனிமே யாருக்கா என்னைத் திட்டுவா?" என்றான். அழுகிறானோ என்று பார்த்தேன். மூச்சு வாங்குகிறதாம். பொய் சொல்கிறான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

புது ஊர். எல்லாமே தப்பாக இருக்கிறது. குழாய்த் தண்ணீர் உப்பு, குழுவில் ஒருவனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பெண் சொன்னால் கம்பி நேராக நிற்காது என்று நினைக்கிறார்கள். அந்த அறுபது மாடி இப்போது எத்தனை மாடி ஏறியிருக்கும்? அவசரப்பட்டுவிட்டேனா?

இருப்பது ஐந்தாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது. அம்மா காலையில் ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். சந்தைக்குப் போய் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறாள். பிறகு இன்னொன்று வாங்கப் போகிறாள்.

ஆகஸ்ட் 22, சனி

ஆஸ்பத்திரி லிஃப்ட் ஓடிவிட்டது. குழியில் முதல் தூக்குக்குண்டு விட்டதிலிருந்து கடைசித் திருகாணி வரை என் கை பட்டது. சுவிட்ச்சை நார்மலுக்குத் திருப்பினேன். கீழே வந்து நினைவு வந்து, மறுபடி மேலே போய்ப் பார்த்தேன். நார்மலில்தான் இருந்தது. குழுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அம்மாவைக் கூட்டிப்போய் ஏற்றினேன். மூன்று மாடிதான். கண்ணாடியில் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டாள். வெளியே கால் வைக்கும்போது நின்று, கீழே பார்த்து, "பெட்டி தரைக்கு அரை விரல் மேல நிக்குதே, தடுக்காது?" என்றாள். குனிந்து பார்த்தேன். நிற்கத்தான் நிற்கிறது! இத்தனை பேர் அளந்தும் கண்ணில் படவில்லை. சரி செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

அக்டோபர் 6, செவ்வாய்

மேனேஜர் போன். இந்த ஊர்ப் பராமரிப்புக்கு நிரந்தரமாக ஆள் வேண்டுமாம். "சுத்தினது போதும், அங்கேயே இருந்துடுறியா?" என்றார்.

வேடிக்கையைப் பார். எனக்கு இருக்கலாம் என்று தோன்றுகிறது. உப்புத் தண்ணீர் பழகிவிட்டது. குழுவில் பேசாதவன்கூட இப்போது அக்கா என்கிறான். சாயங்காலம் நடந்து வருகிற பாதையில் எனக்கென்று ஒரு பெஞ்ச் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் எங்கேயும் போக வேண்டாம் போல இருக்கிறது.

"வீட்டில கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

வந்தால் வீடு பூட்டியிருந்தது. அம்மா வழக்கம்போல வெளியே. திறந்து உள்ளே போனேன். கதவுக்குப் பக்கத்தில் அவள் பெட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியாகிவிட்டது. மேலே மாத்திரை டப்பா, அதற்கும் மேலே மடித்த போர்வை. பக்கத்தில் என் பெட்டி, காலியாக, வாயைத் திறந்து வைத்தபடி.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம். அம்மா கைத்தடியோடு, மூச்சுகூட வாங்காமல் வந்தாள். "அடுத்த ஊர்ல கடல் இருக்காமே? சந்தையில சொன்னாங்க. நான் கடலே பாத்ததில்லடி. என்னிக்குக் கிளம்புறோம்?"

மேனேஜருக்குப் போன் போட்டேன். "வீட்டில கேட்டாச்சு சார்" என்றேன்.