நான் விட்டுவிட்ட சொல்

ஆம்பூர்,
23 ஜனவரி 1916, ஞாயிற்றுக்கிழமை.

கடப்பை ஜில்லாவில் போலீஸ் காவலில் இருக்கும் என் அன்புள்ள அமீர் பாஷாவுக்கு,

தேவசகாயம் எழுதிக்கொள்வது. இங்கே உன் வீட்டாரும் என் வீட்டாரும் தேவ கிருபையால் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் போலீஸார் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் ஷஹீன் பானு நடக்கிறாள். நீ பினாங்குக்குக் கப்பலேறிய ஏழாம் மாதம் பிறந்தவள், இப்போது வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு ஓடுகிறாள். மூக்கு உன்னுடையது. உன் தங்கைமார் அதற்கு வருத்தப்படுகிறார்கள். நம் தோல் ஷாப்பில் வேலைக்குக் குறைவில்லை. பட்டாளத்துக்குத் தோல் வேண்டுமென்று முதலாளிக்குக் கடிதம்மேல் கடிதம் வருகிறது. தோல் பதனிட வரும் ஆவாரம்பட்டை வண்டிகள் பாலாற்றங்கரை வரை வரிசை நிற்கின்றன.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டேன்.

போன ஆண்டு ரம்ஜான் மாதத்தில் ஒரு போலீஸ் அதிகாரி என்னைத் தேடி ஷாப்புக்கு வந்தார். உருது படிக்கத் தெரிந்தவன், இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன், முஸ்லிம் அல்லாதவன் என்று விசாரித்து வந்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களை இங்கிலீஷில் பெயர்த்துத் தரவேண்டும் என்றார். நான் தயங்கியதைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சிங்கப்பூர்ல சிப்பாய்ங்க கலகம் பண்ணி எத்தினி பேரைக் கொன்னாங்கன்னு தெரியுமில்ல? ஒருத்தனைக் கவனிக்காம விட்டா நாளைக்கு நூறு பேர் சாவான். அந்த நூறு பேர்ல உன் ஜனமும் இருக்கும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எம்டன் கப்பல் மதராஸில் குண்டு போட்ட ராத்திரி எண்ணெய் டாங்கி எரிந்ததே, அங்கே காவல் வேலையில் இருந்த என் தங்கை அன்னம்மாளின் புருஷனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. இன்றைக்கும் அவள்தான் அவருக்குச் சோறு ஊட்டுகிறாள். அந்தக் கைகளைப் பார்த்தபின் பயம் என்னை விட்டுப் போகவேயில்லை. சம்மதித்தேன்.

மூன்றாவதாக என் கையில் வைத்த கடிதம் நீ உன் மனைவி ரஃபத் ஜஹானுக்கு எழுதியது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். எனக்கு உருது எழுத்துச் சொல்லிக்கொடுத்த கை அல்லவா? அப்போதே இது என் நண்பன் கடிதம், என்னால் முடியாது என்று எழுந்திருக்கலாம். சொன்னால் என்னையும் சேர்த்துச் சந்தேகிப்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அதில் நீ எழுதியிருந்தாய்: இந்த மாதம் முழுவதும் என் நஃப்ஸோடு ஜிஹாத் செய்கிறேன், ஜெயித்துவிட்டுத்தான் ஊருக்கு வருவேன் என்று. நீ சுருட்டை விடப் பார்க்கிறாய் என்பது எனக்குப் புரிந்தது. அதை விடுகிறேன் என்று புறப்படும்போது நீ ரஃபத்திடம் வாக்குக் கொடுத்ததை நானும் கேட்டேனே. ஆனால் 'நஃப்ஸ்' என்பதற்கு இங்கிலீஷில் சட்டென்று சொல் வரவில்லை. மனசின் ஆசை என்பதா, தன்னோடு தானே போராடுவது என்பதா? அதிகாரி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். 'புனிதப் போர் செய்கிறேன், ஜெயித்துவிட்டு வருவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் மறுபடி ஒட்டப்பட்டு ரஃபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. என் காகிதம் வேறிடம் போயிற்று. செப்டம்பரில் நீ மதராஸில் இறங்கியதும் துறைமுகத்திலேயே உன்னைப் பிடித்தார்கள். யுத்தகாலச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வருகிற எவரையும் நிறுத்தலாம் என்றார்கள். என் எழுத்தினால்தானா என்று எனக்கு அப்போது நிச்சயமில்லை. நிச்சயம் செய்துகொள்ள நான் முயலவும் இல்லை.

நவம்பரில் ரஃபத், சர்க்கார் உன்மேல் போட்ட காவல் உத்தரவின் நகலைக் கொண்டுவந்து, படித்துச் சொல்லுங்கள் என்றாள். இரண்டாம் பக்கத்தில் என் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. படித்தேன். அவளுக்கு விளங்கவில்லை. உருதில் சொன்னேன்.

"அவர் அப்படி எழுதலியே அண்ணே! நஃப்ஸோடன்னு தானே எழுதனாரு? கடுதாசி என் பொட்டியில இருக்குது. சுருட்டு விட்டதுக்கா ஜெயிலு? இதை எழுதனவனுக்கு உருதே தெரியாது போல," என்றாள்.

எழுதினவன் நான்தான் என்று சொன்னேன்.

குழந்தை அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உருது தெரிஞ்சவங்க இந்த ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அவரைத் தெரிஞ்சவர்னு நீங்கதான் இருந்தீங்க." குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் நின்று கடிதத்தைக் கேட்டேன். என்ன நினைத்தாளோ, தந்தாள். வேலூருக்குப் போய்க் கலெக்டர் கச்சேரி வராந்தாவில் மூன்று நாள் காத்திருந்தேன். நான்காம் நாள் துரை கூப்பிட்டார். விட்டுப்போன சொல்லைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அப்படியானால் சர்க்காருக்குப் பொய் எழுதினாயா என்றார். பயத்தில் பாதியை எழுதாமல் விட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தடவை தப்பாகச் சொன்னவன் இரண்டாம் தடவை சொல்வதை நம்பி ஒருவனை வெளியே விட்டு, நாளைக்கு ஏதாவது நடந்தால் செத்தவர்களின் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார். வேறு இரண்டு பேரைக்கொண்டு அந்தக் கடிதத்தைப் பெயர்க்கச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். என்மேல் வழக்கு வரலாம் என்று எச்சரித்து, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்.

இரண்டு பேரும் நீ எழுதியதை நீ எழுதியபடியே பெயர்த்திருக்கிறார்கள். ஆனாலும் யுத்தம் முடியும்வரை விடுதலை இல்லை என்று போன வாரம் பதில் வந்தது. ஒரு காவலரோடு பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நீ போகலாம். உன்னைக் காவலில் வைத்திருக்கும் வீட்டில் மனைவியும் குழந்தையும் உன்னோடு வந்து தங்கலாம். நான் கேட்டதில் கிடைத்தது இவ்வளவுதான். நீ இழந்ததற்கு இது ஈடாகாது.

இங்கேயும் பள்ளிவாசல் எதிரில் வெள்ளிதோறும் போலீஸ்காரர் ஒருவர் நின்று, வருகிறவர்கள் பெயரை எழுதுகிறார். கூட்டம் பாதியாகிவிட்டது. தொழுகை நடத்தும் பேஷ் இமாம் பேசுவதைக் கேட்டு எழுதித் தரும்படி டிசம்பரில் என்னிடம் கேட்டார்கள். முடியாது என்றேன். எங்கள் கோயிலில் ஒருவன் உட்கார்ந்து என் ஜெபத்தை எழுதிக்கொண்டிருந்தால் நான் எப்படி முழங்காலிடுவேன்? அதுமுதல் சபையிலேயே சிலர் என் பக்கத்தில் உட்காருவதில்லை. அன்னம்மாள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் புருஷன்தான், "உன் அண்ணன் செஞ்சது சரி. என் கையை எரிச்சது அமீர் இல்ல," என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினார்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி ரயிலில் ரஃபத்தும் ஷஹீன் பானுவும் அங்கே வருகிறார்கள். உன் தங்கைமாருக்கு வழி தெரியாது. யார் துணைக்குப் போவது என்று பேச்சு வந்தபோது ரஃபத் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "நீங்களே கூட வாங்க அண்ணே. ஆனா அவர் கூப்பிட்டாதான் உள்ள வரணும்," என்றாள். சரி என்றேன்.

குழந்தையை வாசல்வரை தூக்கிவருவேன். அங்கே அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பேன். மத்தியானம் ஒரு வண்டி திரும்புகிறது, சாயங்காலம் ஒன்று இருக்கிறது. சாயங்கால வண்டிக்குத்தான் சீட்டு எடுக்கப்போகிறேன். நீ கூப்பிட வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. உன் மகளை முதன்முதலாகப் பார்க்கிற அந்த நாளில் வேறெதுவும் உன் மனசில் வராமல் ஆண்டவர் காக்கட்டும். அதற்கப்புறம், நேரமிருந்தால், ஒரு தடவை தெருப்பக்கம் பார்.

இப்படிக்கு,
தேவசகாயம்