தொட்டியில் வெல்லம் போட்ட மச்சானுக்கு

மச்சான்,

முந்தாநாள் சிதம்பரத்துக் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் பினாயில் ஊற்றித் துடைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பெஞ்சை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். என்ன ஐயா என்று நர்ஸ் ஓடி வந்தாள். மச்சான் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். அவள் என் கண்ணை விட்டுவிட்டு மண்டையைப் பார்த்தாள்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருஷம் ஆகியும், நான் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால் "மாமா, மெதுவா" என்று அதட்டுகிறாள். உன் கோபம் அப்படியே வந்திருக்கிறது.

பினாயில் வாடை எல்லாம் என்ன வாடை. கடலூரில் நம் கெமிக்கல் கம்பெனியின் கழிவுத் தண்ணீர் அதற்கு அப்பன் அல்லவா! டீ டிகாஷன் நிறத்தில் குட்டை நிறையக் கிடக்கும். பக்கத்தில் நின்றால் கண் எரியும், தொட்டால் தோல் உரியும். அது உன் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான் ஆற்றுக்கு ஓடியது. ஒருநாள் அதிகாரிகள் வந்து கேட்டைப் பூட்டினார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்து காட்டினால்தான் திறப்போம் என்று சொல்லிவிட்டார்கள். உன் வீட்டு அடுப்பும் என் வீட்டு அடுப்பும் அந்தக் கேட்டை நம்பித்தான் எரிந்தன.

அப்போதுதான் சிதம்பரம் யுனிவர்சிட்டியிலிருந்து அந்த ஆராய்ச்சி மேடம் வந்தாள். சின்ன வயசு. இந்த விஷத்தை பாக்டீரியாவை விட்டுத் தின்ன வைக்கப் போகிறேன் என்றாள். நாமெல்லாம் கிருமி என்றால் சீக்கு என்று நினைத்த ஆட்கள். நீ மட்டும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். பெண்ணாடம் பக்கத்துச் சர்க்கரை ஆலைத் தொட்டி ஒன்றிலிருந்து பேரல் பேரலாகச் சேறு வந்து இறங்கியது. கரும்புத் தண்ணீரைத் தின்று வளர்ந்த கிருமிச் சேறு. அதைப் பெரிய தொட்டியில் கொட்டி, அடியிலிருந்து காற்று ஊதினோம். சாம்பார் கொதிப்பதுபோலக் கொதித்தது. அன்று முதல் நீ அதைச் சேறு என்று சொன்னதே இல்லை. பசங்க என்றுதான் சொல்வாய்.

மேடம் சொன்னது சுலபமான வேலை. முதலில் கொஞ்சம் வெல்லக் கரைசல், பிறகு வெல்லத்தைக் குறைத்துக் குறைத்துக் குட்டைத் தண்ணீரைக் கூட்ட வேண்டும். புது ஊரின் சாப்பாட்டுக்கு நாக்கைப் பழக்குவதுபோல. உன்னையும் என்னையும் தொட்டிக்குக் காவல் போட்டாள்.

ஆனால் வாரங்கள் போயும் வாடை போகவில்லை. மேடம் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்து விடுவாள். விஷம் இருந்தால் சிவக்கும். ஒவ்வொரு தடவையும் ரத்தமாகச் சிவந்தது. அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இனிக் கேட்டைத் திறக்க வழியில்லை, எல்லாரும் வேறு வேலை பாருங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தொட்டியில் மட்டும் நுரை பொங்கி வழிந்தது. பசங்களுக்கு என்ன குறை என்று ஒருவருக்கும் புரியவில்லை.

அன்றுதான் மேடம் தொட்டியைச் சுற்றி வந்தவள் சுவரைப் பார்த்து நின்றாள். எறும்பு. சாரை சாரையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் யாரு வெல்லம் போடுறது?" என்றாள்.

நீ என்னைப் பார்த்தாய். நான் எறும்பைப் பார்த்தேன். கடைசியில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நீ கையைத் தூக்கினாய். "ஊரு விட்டு ஊரு வந்திருக்குதுங்கம்மா. விருந்தாளிக்கு வெஷத்தையா வெப்பாங்க? மனசு கேக்கல."

இந்த இடத்தில் உன் மகள் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். அப்பா இதை வீட்டில் சொல்லவே இல்லையாம். எப்படிச் சொல்வாய்? வீட்டு வெல்லம் அல்லவா தொட்டிக்குப் போனது!

மேடம் திட்டுவாள் என்று பார்த்தால் அவளும் சிரித்துவிட்டாள். "ஐயா, தெனம் பிரியாணி போட்டா கஞ்சிய எவன் தொடுவான்? பசிச்சாத்தான் அதுங்க வெஷத்தத் திங்கும்."

"பசியில செத்துட்டா?"

"கொஞ்சம் சாவும். மிச்சம் கத்துக்கும்."

வெல்லத்தை நிறுத்தினோம். நுரை அடங்கியது. பழுப்பு நிறம் வெளுத்தது. நீ தொட்டி ஓரத்திலேயே குந்தியிருந்தாய், தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. நீ பட்டினி கிடந்தால் அதுகள் வயிறா நிறையும் என்று கேலி பேசினேன். உன் பிள்ளைகளைக்கூட நீ அப்படிக் காத்துப் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது மச்சான்! நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் நீ ஒரு டம்ளரோடு ஓடி வந்தாய். மூக்குக்குக் கீழே நீட்டினாய். "மோந்து பாரு மாப்ள." மோந்தேன். பினாயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இல்லை, மண்தான் இருந்தது. உழுத நிலத்தில் முதல் மழை விழுந்தால் வருமே, அந்த வாசம். மேடம் வந்து குழாயில் மருந்தை விட்டாள். சிவக்கவில்லை. இன்னொரு குழாய் எடுத்தாள், அதுவும் சிவக்கவில்லை. நீ அந்த வயதில் தொட்டியைச் சுற்றி ஓடினாய். ஒரு கால் செருப்பு கழன்று விழுந்ததுகூட உனக்குத் தெரியவில்லை. மேடம் ஒரு சொட்டு எடுத்துக் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துக் காட்டினாள். நீ கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் மேனேஜர் வரை எல்லாரும் வரிசையில் நின்றார்கள். "நெளியுது மாப்ள, வயிறு நெறஞ்சு நெளியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

கேட்டைத் திறந்தார்கள். உன் மகள் கல்யாணம், என் மகன் வேலை, எல்லாம் அந்தக் கேட்டுக்குப் பின்னால் வந்தவைதான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று பட்டினி கிடந்து விஷத்தைத் தின்னப் பழகியதால் வந்தவை. நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடியவில்லை.

கடைசியில் நீ சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசினார்கள். நீயோ என் கையைப் பிடித்து இழுத்து, "திங்குதா?" என்றாய். நன்றாகத் திங்குது மச்சான் என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னது அல்ல, மெய்தான். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

இப்போதும் கடலூர்ப் பஸ் அந்தக் கம்பெனி வளைவில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பேன். கருவாட்டு வாடை வரும், உப்புக்காற்று வரும். வேறு ஒன்றும் வராது. வாய் சும்மா இருக்காமல் சத்தமாகவே சொல்லிவிடுவேன்: "திங்குது மச்சான்."

கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார். "இன்னா பெரியவரே, எறங்கணுமா?"

"இல்ல தம்பி, போவட்டும்."